நினைவிழந்தார்க்காக உரைப்பவர் யார்?
மட்டக்களப்புத் தேற்றாத்தீவை முன்னிறுத்திய ஒரு சட்ட, சமூக நோக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அமைய, இடையே கிடக்கும் எழுவான்கரை மணற்பரப்பில் உள்ள கிராமங்களுள் ஒன்று தேற்றாத்தீவு. நிருவாக முறையில் இது மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலாளர் பிரிவினுள் அடங்குவது. ஊர்ப்பெயரின் முற்பகுதி தேற்றா மரத்தை நினைவூட்டுகின்றது. அம்மரத்தின் வித்தைக் கலத்தின் உட்புறத்தே உரைத்து நீரை வார்த்து வைப்பின், கலங்கல் அடியிற் படிந்து நீர் தெளியும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. சங்கப் புலவர் இம்மரத்தை ‘இல்லம்’ என வழங்கினர். கலித்தொகையின் நெய்தற்பகுதியில், கலங்கிய ஒருத்தியின் உள்ளம் தெளிவடைந்தமைக்கு இவ்வித்தினால் தெளிந்த நீர் உவமையாக அமைந்துள்ளது.

நீரைத் தெளிவிக்கும் இவ்வித்து, நீர் வார்ப்பதற்கு முன்னரே கலத்தில் உரைக்கப்படுதல் வேண்டும். குடும்பமொன்றின் வாழ்விலும் இத்தகைய முன்னாயத்தத்தை வேண்டி நிற்கும் வேளையொன்று உண்டு. நோயாலோ விபத்தாலோ முதுமையாலோ ஒருவர் தம் நினைவையும் பேச்சையும் இழந்து கிடக்கும்போது, அவருக்கு எச்சிகிச்சை அளிக்கலாம், எதனைத் தவிர்க்கலாம் என்று வைத்தியருக்கு எடுத்துரைப்பவர் யார் என்ற வினா எழும் வேளையே அது. இவ்வினாவுக்கு உறவுமுறை தரும் விடை யாது, இலங்கைச் சட்டம் தரும் விடை யாது, பிறநாடுகள் கண்ட தீர்வுகள் யாவை, இன்றைய நிலையில் நம்மவர் செய்யக்கூடியது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முடிவெடுக்கும் ஆற்றலும் சம்மதமும்

அறிவு தெளிந்த, வயது வந்த ஒருவரின் உடலைத் தொட்டுச் சிகிச்சை செய்வதற்கு அவருடைய சம்மதம் வேண்டும் என்பது மருத்துவ ஒழுக்கத்தின் அடிப்படை. சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோயாளியிடம் கையொப்பம் பெறப்படுவது இதன் பாற்பட்டதே. தக்கதொரு சிகிச்சையை வேண்டாம் என மறுப்பதற்கும் அவருக்கு உரிமை உண்டு. அம்மறுப்பு பிறர் கண்ணுக்கு விவேகமற்றதாய்த் தோன்றலாம். அதுபற்றி மட்டும் அவ்வுரிமை அழிந்துவிடுவதில்லை.

முடிவெடுக்கும் ஆற்றல் என்பது யாது? தமக்குக் கூறப்படும் விடயத்தை விளங்கிக்கொள்ளுதல், அதனை மனத்தில் நிறுத்துதல், நன்மை தீமைகளைச் சீர்தூக்குதல், தம் முடிவை ஏதேனும் ஒரு வகையில் வெளியிடுதல் ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனவாற்றற் சட்டம் இந்நான்கினையே அளவுகோலாகக் கொண்டுள்ளது. இவ்வாற்றல் முழுமையாக இருத்தல் அல்லது முழுமையாக இல்லாதிருத்தல் என்னும் இரு நிலைகள் மட்டுமே உடையதன்று. மறதிநோயின் தொடக்கத்தில் உள்ள மூதாட்டியொருவர் காணி உறுதியின் நுணுக்கங்களை விளங்கிக்கொள்ள மாட்டாதவராயிருக்கலாம். எனினும், தமக்கு ஊசி வேண்டுமா வேண்டாமா என்று கூற வல்லவராக இருத்தல் கூடும். காய்ச்சலின் உச்சத்தில் பிதற்றுபவர் இரு நாட்களில் தெளிவடையலாம். ஆகவே, இன்ன முடிவை இன்ன வேளையில் எடுக்க வல்லவரா என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

உயிராபத்தான அவசர நிலையில் எவருடைய சம்மதத்துக்கும் காத்திராது வைத்தியர் சிகிச்சை செய்யலாம். இன்றியமையாமை என்னும் கோட்பாடு அதற்கு இடமளிக்கின்றது. சிக்கல் எழுவது அவசரம் கழிந்த பின்னரேயாம். பாரிசவாதத்தால் நினைவிழந்த ஒருவர் உயிர் பிழைத்துக்கொள்கிறார். ஆயின் நினைவு மீளவில்லை. செயற்கைச் சுவாசப் பொறியைத் தொடர்வதா? உணவூட்டுவதற்கு வயிற்றில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதா? சிறுநீரகமும் பழுதடைந்தால் இரத்தச் சுத்திகரிப்பைத் தொடங்குவதா? கொழும்புக்குக் கொண்டுசெல்வதா, ஊருக்கே கொண்டுவருவதா? இவற்றுக்கு மருத்துவ அறிவு மட்டும் விடை தர இயலாது. அம்மனிதர் எத்தகைய வாழ்வை வாழ்வெனக் கருதினார் என்னும் அறிவும் வேண்டும். அதனை அறிந்தவர் யார்?

உறவுமுறை தரும் விடை

மட்டக்களப்புத் தமிழரின் சமூக அமைப்புத் தாய்வழிக் குடிமரபை அடிப்படையாகக் கொண்டது. பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வர். கோயில் உரிமைகளும் வண்ணக்கர் பதவியும் குடிவழியே கணிக்கப்படுவன. ஒரு வயிற்றில் வந்தோரின் வழியை ‘வயிற்றுவார்’ என்று கூறும் வழக்கும் இப்பிரதேசத்தில் உண்டு. முற்காலத்தில் இங்கு வழங்கிய முக்குவர் சட்டத்தின்படி, ஆணொருவனின் முதுசச் சொத்து அவனுடைய சொந்தப் பிள்ளைகளைச் சேராது, சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது. பிறிற்றோ என்பார் இச்சட்டத்தைத் தொகுத்து 1876ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் வருகையோடு முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தவர்க்குத் தேசவழமை இன்றும் செல்லுபடியாகின்றது. மட்டக்களப்புத் தமிழரோ நாட்டின் பொதுச்சட்டத்துக்கே உட்பட்டவர்.

சட்டம் மாறினும் வாழ்முறை முற்றாக மாறவில்லை. வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுகின்றது. மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்கிறான். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டைக் கொடுத்து, அதே வளவிலோ அயலிலோ வேறு வீடமைத்து, இளைய மகளோடு பெற்றோர் வாழ்தல் பெருவழக்கு. இதனால் முதியவர் ஒருவர் நோயுற்றுக் கிடக்கும்போது அவரைச் சூழ்ந்து நிற்போர் மனைவி, பெண்மக்கள், மருமக்கள் ஆகியோரே. ஆண்மக்கள் தத்தம் மனைவியரின் ஊர்களிலிருந்து வந்து சேர்வர். உடன்பிறந்தாளின் பிள்ளைகள் அம்மானுக்குரிய கடமையை உணர்ந்து வருவர். குடியிற் பெரியவர்களும் வந்து அமர்வர்.

இவ்வமைப்பின் சிறப்பு, நோயாளி ஒருபோதும் தனித்து விடப்படுவதில்லை என்பது. அதன் இடர்ப்பாடு, சூழ்ந்து நிற்போருள் இறுதிச்சொல் யாருக்குரியது என வரையறுக்கப்படாமை. பராமரிப்பவள் மகள், செலவுக்குப் பணம் அனுப்புபவன் வெளிநாட்டில் உள்ள மகன், வைத்தியரோடு பேசுபவர் சற்றுப் படித்த மருமகன், மரபுவழியே கேட்டு நடக்கப்படவேண்டியவர் தாய்மாமன். இந்நால்வரும் ஒரே கருத்தினராயின் சிக்கலில்லை. வேறுபட்டால், உரத்துப் பேசுபவரின் குரலே மேலோங்கும். ‘எல்லாவற்றையும் செய்யுங்கள்’ என்று தொலைவிலிருக்கும் மகன் கூறுவதும், ‘அப்பாவை இனி நோகச் செய்யவேண்டாம்’ என்று இரவு பகலாக அருகிருந்த மகள் கூறுவதும் அன்பின் வெளிப்பாடுகளே. ஆயின், ‘அப்பா எதனை விரும்பியிருப்பார்?’ என்ற வினாவுக்கு இரண்டும் நேர்விடையாகா.

இன்னொன்றும் நோக்கற்பாலது. மூன்று தசாப்தங்கள் நீடித்து 2009இல் முடிவுற்ற போரும், 2004 டிசம்பர் 26இல் நேர்ந்த ஆழிப்பேரலையும், மத்திய கிழக்கு நாடுகளுக்கும் மேலை நாடுகளுக்கும் நிகழ்ந்த இடப்பெயர்வும் கிழக்குக் கரையோரக் குடும்பங்களைச் சிதறச் செய்தன. குடியும் வயிற்றுவாரும் உறவைக் கணிக்க இன்றும் பயன்படுகின்றன. உரிய வேளையில் உரியவர் அருகிருப்பார் என்பதற்கு அவை உறுதி தருவதில்லை.

இலங்கைச் சட்டத்தின் நிலை

இத்தகைய வேளைக்கென ஒருவரை முன்கூட்டியே நியமிக்க இலங்கைச் சட்டத்தில் வழியுண்டா? பொதுமக்கள் உடனே நினைப்பது அற்றோணித் தத்துவம். வெளிநாடு செல்பவர் தம் காணியையும் வங்கிக் கணக்கையும் கவனிக்கும்படி உறவினர் ஒருவருக்கு இதனை எழுதிக்கொடுப்பது நம் ஊர்களில் நன்கு அறியப்பட்ட வழக்கம். 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அற்றோணித் தத்துவக் கட்டளைச்சட்டம் இதற்கு அடிப்படையானது. 2022ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. ஆயின், முகவரின் அதிகாரம் அவரை நியமித்தவரின் அதிகாரத்திலிருந்தே பிறக்கின்றது என்பது சட்டத்தின் பொதுக்கோட்பாடு. நியமித்தவர் தாமே முடிவெடுக்க இயலாதவராகும்போது முகவரின் அதிகாரமும் அற்றுப்போகும். அதாவது, எந்த வேளைக்காக அப்பத்திரம் தேவைப்படுகின்றதோ, அந்த வேளையிலேயே அது பயனற்றதாகின்றது. இம்முரண்பாட்டைப் பலர் அறியார். நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பமிட்ட பத்திரம் பெட்டியில் இருப்பதால் எல்லாம் ஒழுங்காயிற்று என்று கருதி அமைதியடைவோர் பலர்.

இரண்டாவதாக எண்ணப்படுவது மரணசாதனம். அது ஒருவர் இறந்த பின்னரே பேசத் தொடங்குவது. உயிரோடிருப்பவரின் சிகிச்சை குறித்து அதில் எழுதிவைப்பின், அது திறந்து படிக்கப்படும்போது அவ்வேளை கடந்திருக்கும்.

மூன்றாவது வழி நீதிமன்றம். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, சித்தசுவாதீனம் அற்றவர் எனக் கூறப்படுபவர் குறித்து மாவட்ட நீதிமன்றம் விசாரணை நடத்தவும், அவருடைய ஆதனத்துக்கு முகாமையாளரையும் ஆளுக்குப் பாதுகாவலரையும் நியமிக்கவும் வகைசெய்கின்றது. நீண்டகால நோயிலும் சொத்து நிருவாகத்திலும் இது பயன்படும். எனினும், மனு, சாட்சியம், விசாரணை என நடைபெறும் இம்முறை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்று மாலைக்குள் விடைகூறவேண்டிய வினாவுக்கு ஏற்றதன்று. அன்றியும், பாதுகாவலரைத் தெரிபவர் நீதிபதியாவார், நோயாளி அல்லர்.

பாதுகாவலர் தெரிவில் பழைய சட்டங்கள் காட்டிய எச்சரிக்கையொன்று ஈண்டு சுட்டத்தக்கது. இந்தியாவில் முன்னர் வழக்கிலிருந்த 1912ஆம் ஆண்டுச் சித்தப்பிரமைச் சட்டம், சொத்துக்கு உரித்தாளியாக வரக்கூடியவரை நோயாளியின் ஆளுக்குப் பாதுகாவலராக நியமித்தலாகாது என்றது. அவ்வாறு நியமித்தலே நோயாளிக்கு நன்மை தருவதென நீதிமன்றம் கருதின், அதற்கான காரணத்தை எழுத்திற் பதிதல் வேண்டும் என விதித்தது. மரணத்தால் நன்மை பெறுபவரிடம் உயிரை ஒப்படைக்கத் தயங்கிய மனப்பாங்கு இவ்விதியில் வெளிப்படுகின்றது. நம் குடும்பங்களிலோ பராமரிப்பவரும் உரித்தாளியும் பெரும்பாலும் ஒருவரே. ஆதலால் விலக்குவது இயலாததாகலாம்; விழிப்போடிருத்தல் இயலும்.

சட்டம் இத்துறையில் முற்றாக வாய்மூடி நிற்கின்றதெனக் கூறுதலும் பொருந்தாது. மனித இழையங்களின் மாற்றீடு பற்றிய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், இறந்த பின்னர் தம் உடலையோ உறுப்புகளையோ வழங்குவதற்கு ஒருவர் உயிரோடிருக்கும்போதே சம்மதம் தெரிவிக்க இடமளித்துள்ளது. கண்தானத்தால் உலகறிந்த நாடு இது. இறந்த உடல் குறித்து முன்கூட்டிய விருப்பத்தை மதிக்கும் சட்டமன்றம், உயிரோடு கிடக்கும் உடல் குறித்த விருப்பத்துக்கும் பதிலாள் நியமனத்துக்கும் தனிச்சட்டம் எதனையும் இயற்றவில்லை. இதுவே இன்றைய நிலை.

பிறநாடுகள் கண்ட வழி

செயற்கைச் சுவாசப் பொறி வருவதற்கு முன்னர் இவ்வினா இவ்வளவு கூர்மையாக எழவில்லை. இயற்கை தன் முடிவை விரைவிற் கூறிவிடும். பொறி வந்த பின்னரே, மீளா நினைவிழப்பில் பல்லாண்டு கிடத்தல் இயல்வதாயிற்று. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் கரன் ஆன் குவின்லன் என்னும் இளம்பெண் 1975இல் நினைவிழந்தார். பொறியை அகற்றுமாறு பெற்றோர் வேண்ட, வைத்தியர் மறுத்தனர். 1976 மார்ச் 31இல் அம்மாநில உயர்நீதிமன்றம், அவருக்குரிய உரிமையை அவர் சார்பில் தந்தை செயற்படுத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. பொறி அகற்றப்பட்ட பின்னரும் தாமாகவே மூச்சுவிட்ட அவர் 1985 வரை வாழ்ந்தார். பொறியை நீக்குதலும் உயிரைப் போக்குதலும் ஒன்றல்ல என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி இது.

1976இலேயே கலிபோர்னியா, இறுதிக்கால விருப்பத்தை எழுத்தில் வைக்க இடமளிக்கும் சட்டத்தை இயற்றியது. எழுத்து மட்டும் போதாதென்பது விரைவிற் புலனாயிற்று. எதிர்காலத்தில் வரக்கூடிய நோய்களையும் புதிய சிகிச்சைகளையும் முன்னறிந்து எழுதுதல் எவர்க்கும் அரிது. ஏட்டிடம் வினவ இயலாது, ஆளிடம் வினவலாம். ஆகவே 1983இல் அதே மாநிலம், மருத்துவ முடிவுகளுக்கென ஒருவரை நியமிக்கும் நிலைபேறுடைய அற்றோணித் தத்துவத்தை ஏற்படுத்தியது.

அதே 1983ஆம் ஆண்டில் மிசூரி மாநிலத்தில் நான்சி குருசான் என்னும் இளம்பெண் வாகன விபத்தில் மீளா நினைவிழப்புக்கு ஆளானார். உணவுக்குழாயை அகற்றப் பெற்றோர் வேண்டினர். 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவருடைய விருப்பம் இதுவே என்பதற்குத் தெளிவான, நம்பத்தக்க சான்று வேண்டுமென மாநிலம் கோரலாம் எனத் தீர்த்தது. அவர் எதனையும் எழுதிவைத்திருக்கவில்லை. பின்னர் அவரை அறிந்தோர் முன்வந்து, அவர் முன்பு கூறியவற்றைச் சாட்சியமாக உரைத்த பின்னரே அனுமதி கிடைத்தது. விபத்து நிகழ்ந்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் சென்றிருந்தன. இயல்பான உரையாடலில் கூறப்பட்ட சில சொற்கள் எத்துணைப் பெறுமதி உடையனவாயின என்பது சிந்திக்கத்தக்கது.

நம்மவர் குடியேறி வாழும் நாடுகளின் சட்டங்கள் நமக்கு நெருக்கமானவை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், பதினாறு வயது நிரம்பிய எவரும் தம் உடல்நலப் பராமரிப்புக்கெனப் பதிலாள் ஒருவரை இரு சாட்சிகள் முன்னிலையில் நியமிக்க வழிசெய்தது. பதிலாளோ அவருடைய வாழ்க்கைத்துணையோ சாட்சியாதல் கூடாது. எவரும் நியமிக்கப்படாதவிடத்து, 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வரிசையைத் தருகின்றது: முதலில் வாழ்க்கைத்துணை, அடுத்துப் பிள்ளைகளும் பெற்றோரும், பின்னர் உடன்பிறந்தோர், அதன்பின் ஏனைய உறவினர். நம் மரபில் பெருமதிப்புக்குரிய அம்மானுக்கு அவ்வரிசையில் இறுதி உறவினருள் ஒருவராகவே இடம் உண்டு. மரபு ஒருவரை முன்னிறுத்த, சட்டம் வேறொருவரை முன்னிறுத்தும் நிலை புலம்பெயர்ந்தோர் குடும்பங்களில் எழக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் சொத்து விடயங்களுக்கு மட்டும் நிலைபேறுடைய தத்துவத்தை அனுமதித்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டமே உடல்நல முடிவுகளையும் அதனுட் சேர்த்தது. ஆயினும், உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கும் அதிகாரம் பத்திரத்தில் வெளிப்படையாகத் தரப்பட்டாலன்றிப் பதிலாளுக்கு இல்லை. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர் இன்னும் கட்டுப்பாடானது. 2008இல் நிறைவேறி 2010இல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம், உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முடிவைப் பதிலாளிடம் ஒப்படைக்கவே இல்லை. ஒரே கருத்தை ஒவ்வொரு நாடும் தன் அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் ஏற்ப வரையறுத்துள்ளமை இதனாற் புலனாகும்.

அயல்நாடாகிய இந்தியாவில் இவ்விடயத்தை முன்னெடுத்தது நாடாளுமன்றம் அன்று, நீதிமன்றமே. 2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் கொண்ட அமர்வு, மாண்போடு இறக்கும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையினுள் அடங்கும் எனக் கூறி, முன்கூட்டிய மருத்துவப் பணிப்புரையை ஏற்றது. அன்று வகுக்கப்பட்ட நடைமுறை நீதவானின் ஒப்பத்தையும் வேண்டியதால் மக்களுக்கு எட்டாததாயிற்று. 2023 ஜனவரி 24இல் அது எளிதாக்கப்பட்டது. இரு சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட்டு, நொத்தாரிசோ உரிய அரச அலுவலரோ உறுதிப்படுத்தினாற் போதும். தம் சார்பில் முடிவுகூறும் பாதுகாவலரையோ நெருங்கிய உறவினரையோ, ஒருவருக்கு மேற்பட்டும், அதிற் பெயர் குறிப்பிடலாம். சிகிச்சையை நிறுத்துவதற்கு இரு மருத்துவச் சபைகளின் இசைவும் வேண்டும்.

பதிலாளின் கடமை

இச்சட்டங்கள் யாவற்றிலும் ஊடுருவி நிற்கும் கருத்தொன்று உண்டு. பதிலாள் தம் விருப்பத்தைக் கூறுபவர் அல்லர். நோயாளியின் விருப்பத்தைத் தெரிவிப்பவர். நோயாளி முன்னர் கூறியது தெரிந்தால் அதன்படி உரைத்தல் அவர் முதற்கடமை. தெரியாதவிடத்து, அவருடைய நம்பிக்கைகளையும் வாழ்ந்த முறையையும் கருதி, அவருக்கு நன்மையானது எதுவென ஆராய்தல் இரண்டாவது. ‘நான் என்றால் இப்படிச் செய்வேன்’ என்பதற்கு ஈண்டு இடமில்லை.

இதனால் விளையும் பயன் நோயாளிக்கு மட்டும் உரியதன்று. தந்தையின் பொறியை நிறுத்தச் சம்மதித்த மகள், ‘நானே அவரைக் கொன்றுவிட்டேனோ’ என்ற எண்ணத்தோடு எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க நேரலாம். நிறுத்த மறுத்தவளும், ‘வீணே வருத்தினேனோ’ என்று வருந்தலாம். ‘அவர் சொன்னதை நான் சொன்னேன்’ என்று கூறக்கூடிய நிலையே அவளுக்குக் கிடைக்கக்கூடிய பெரும் ஆறுதல். ‘தேற்றுதல்’ என்ற சொல்லுக்குத் தெளிவித்தல், ஆறுதல் கூறுதல் என இரு பொருளும் உண்டு. இரண்டும் இவ்விடத்திற் பொருந்துவனவாம்.

எழக்கூடிய தடைகள்

இது பற்றிப் பேசத் தொடங்கினாலே, ‘ஏன் அபசகுனமாகப் பேசுகிறீர்கள்’ என்ற மறுப்பு எழும். இம்மறுப்பை எள்ளி ஒதுக்குதல் முறையன்று; சொல்லுக்கு ஆற்றல் உண்டென்னும் நம்பிக்கை நம் பண்பாட்டில் வேரூன்றியது. எனினும், அதே முதியவர் தம் ஈமக்கிரியை எவ்வாறு நிகழவேண்டும், கொள்ளி வைப்பவர் யார், வளவு யாருக்கு என்பவற்றைத் தயக்கமின்றிக் கூறுவதையும் நாம் காண்கின்றோம். இறப்பைப் பற்றிப் பேசும் சமூகத்துக்கு, இறப்புக்கு முன்னுள்ள நாட்களைப் பற்றிப் பேசுதல் இயலாததாகாது.

அடுத்தது, இந்நியமனம் கருணைக்கொலைக்கு வழிகோலும் என்ற ஐயம். வேண்டுமென்றே உயிரைப் போக்குதல் இலங்கையில் தண்டனைக்குரிய குற்றம். பதிலாள் எவராலும் அதனை அனுமதிக்க இயலாது. மேலும், பதிலாள் சிகிச்சையை மறுப்பதற்கே உள்ளவர் என்பதும் தவறான கருத்து. ‘இயன்ற யாவற்றையும் செய்து என்னைக் காப்பாற்றுங்கள்’ என்று விரும்புபவருக்கும், தம்மைச் சுமையெனக் கருதி உறவினர் கைவிடாதிருக்கப் பதிலாள் தேவை.

சொத்துக்காகத் தவறான முடிவு கூறப்படலாம் என்ற அச்சம் நியாயமானது. பணவிடயத்துக்கு ஒருவரையும் உடல்நலத்துக்கு வேறொருவரையும் தெரிதல் அதற்கு ஓரளவு பரிகாரமாகும்.

இன்று செய்யத்தக்கன

தனிச்சட்டம் இல்லாத நிலையில், நாம் எழுதும் கடிதம் வைத்தியரைச் சட்டப்படி கட்டுப்படுத்துமெனக் கூறுதல் இயலாது. எனினும், நோயாளியின் விருப்பத்துக்கு அது சிறந்த சான்றாகும். உறவினர் கருத்து வேறுபடும்போது வைத்தியருக்கும், வழக்கு எழின் நீதிமன்றத்துக்கும் அது வழிகாட்டும். ஆகவே பின்வருவன கருதத்தக்கன.

முதலாவது, ஆளைத் தெரிதல். மிக நெருங்கியவரே மிகத் தகுந்தவர் என்பதில்லை. அழுகையின் நடுவிலும் வைத்தியரிடம் வினாத் தொடுக்க வல்லவராய், தம் கருத்துக்கு மாறாயினும் பிறர் விருப்பத்தை உரைக்கும் நேர்மையுடையவராய், அழைத்தவுடன் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ வந்து சேரக்கூடியவராய் இருத்தல் வேண்டும். அவர் மகளாயினும் சரி, அம்மானின் மகனாயினும் சரி, நெடுநாள் நண்பராயினும் சரி. அவர் இயலாதவிடத்து அடுத்தவர் யார் என்பதையும் குறித்தல் நன்று.

இரண்டாவது, பேசுதல். நினைவு மீளாதென வைத்தியர் உறுதியாகக் கூறின் பொறியின் துணையோடு வாழ விரும்புகிறேனா? எவ்வளவு வேதனையைத் தாங்கச் சித்தமாயுள்ளேன்? இறுதி நாட்கள் வைத்தியசாலையிலா, வீட்டிலா? என் சமயம் இவ்விடயத்தில் வேண்டுவது யாது? இவற்றைப் பதிலாளோடு மட்டுமன்றி, பின்னர் மாறுபடக்கூடிய பிள்ளைகளின் முன்னிலையிலும் கூறுதல் வேண்டும். வெளிநாட்டிலுள்ள மகனுக்கும் தொலைபேசியிற் கூறலாம். மறைவிற் கூறப்பட்ட விருப்பம் பின்னர் பூசலுக்கே வித்தாகும்.

மூன்றாவது, எழுதுதல். தாம் அறிந்த மொழியில், எளிய நடையில், திகதியிட்டு, இரு சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிடுதல் போதும். சாட்சிகள் பதிலாளாகவோ உரித்தாளியாகவோ இல்லாதிருத்தல் நன்று. சமாதான நீதவான் அல்லது நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் ஒப்பமிடின் பிற்கால ஐயங்கள் குறையும். எழுதப் படிக்க இயலாதவராயின், அவர் கூறியது வாசித்துக் காட்டப்பட்டது என்பதும் பதியப்படுதல் வேண்டும்.

நான்காவது, உரியவர் கையிற் சேர்த்தல். பிரதியொன்று பதிலாளிடமும், பிறிதொன்று கிளினிக் கொப்பியோடும் இருத்தல் தகும். பெட்டியின் அடியில் உறுதிகளோடு உறங்கும் தாள் உரிய வேளையில் உதவாது.

ஐந்தாவது, மீள்நோக்குதல். நோய், வயது, துணையின் மறைவு ஆகியன விருப்பத்தை மாற்றலாம். அறிவு தெளிவாயிருக்கும்வரை எழுதியவர் தம் எழுத்தை எப்பொழுதும் மாற்றலாம், நீக்கலாம். பதிலாளின் குரல் அவர் குரலை ஒருபோதும் மேவாது.

தனிமனித முயற்சி சட்டத்தின் குறையை முற்றாக நிரப்பாது. நிலைபேறுடைய தத்துவம், பதிலாளின் அதிகார எல்லை, எவரும் நியமிக்கப்படாதவிடத்து உறவினர் வரிசை, கருத்து வேறுபாட்டை விரைந்து தீர்க்கும் முறை ஆகியவற்றை வரையறுக்கும் சட்டமொன்று இலங்கைக்குத் தேவை. அவ்வரிசையை வகுப்போர் பிறநாட்டுப் பட்டியலை அப்படியே பெயர்த்து நடாமல், மட்டக்களப்பின் தாய்வழிக் குடும்பம் போன்ற உள்ளூர் அமைப்புகளையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். மகளின் வீட்டில் வாழும் பெற்றோர்க்காக அம்மகள் உரைக்கும் சொல்லுக்கு உரிய இடம் எதுவென்பது கொழும்பிலிருந்து மட்டும் தீர்மானிக்கப்படக்கூடியதன்று. சட்டமும் சமூகவியலும் பயில்வோர் இணைந்து ஆராயவேண்டிய களம் இது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. தேற்றாத்தீவின் ஒரு வீட்டு விறாந்தையில், தெளிந்த அறிவோடு தந்தையோ தாயோ பிள்ளைகளை அழைத்து, ‘எனக்கு இயலாமற்போனால் இவள் சொல்வதே என் சொல்’ என்று கூறிவைப்பதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. அச்சொல் நீர் கலங்குவதற்கு முன்னரே கூறப்படுதல் வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.